டைமிங் வைக்கும் செய்முறைத் தேர்வு: நான் சறுக்கிய இடம்

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். எனக்குக் கோத்தகிரிப் பக்கம். மாதிரிச் செய்முறைத் தேர்வில் ஸ்டாண்டில் இருந்த அம்பாசடர் பெட்ரோல் எஞ்சினைக் காட்டி, "டிஸ்ட்ரிபியூட்டரை மாட்டி டைமிங் வை" என்றார்கள். டிஸ்ட்ரிபியூட்டர் என்பது பிளக்குகளுக்கு முறைப்படி மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பாகம்; பிளக்கில் பொறி சரியான நேரத்தில் வரும்படி அதை வைப்பதுதான் டைமிங். கிராங்க் புல்லியில் உள்ள டைமிங் மார்க்கைச் சேர்த்தேன், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டாரை ஒன்றாம் பிளக் வயருக்கு நேராக வைத்தேன், மாட்டினேன். செல்ஃப் அடித்ததும் கார்புரேட்டர் வழியாகப் படாரென்று ஒரு சத்தம். பின்னால் நின்றவர்கள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

மார்க்கில் தப்பில்லை, ஸ்ட்ரோக்தான் தப்பு. நாலு ஸ்ட்ரோக் முடிய கிராங்க் இரண்டு சுற்று, அதாவது 720 டிகிரி சுற்ற வேண்டும். அதற்குள் புல்லி மார்க் இரண்டு முறை சேரும். ஒன்று கம்ப்ரஷன் (காற்று-பெட்ரோல் கலவை அழுத்தப்படுவது) முடிவில், இன்னொன்று எக்ஸாஸ்ட் (புகை வெளியேறுவது) முடிவில். நான் பிடித்தது இரண்டாவதை. டிஸ்ட்ரிபியூட்டர் கிராங்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும் என்று தியரித் தாளில் அழகாக எழுதியவன்தான் நான்!

அதனால் முதலில் ஒன்றாம் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஓட்டையைக் கட்டை விரலால் மூடிக் கிராங்கைச் சுற்றுங்கள். காற்று விரலைத் தள்ளினால் அது கம்ப்ரஷன். குளிரில் விரல் மரத்துப்போய் எதுவும் தெரியாத காலை நேரமென்றால், காகிதத்தைச் சுருட்டி ஓட்டையில் செருகுங்கள், டப்பென்று வெளியே வரும். டாப்பெட் கவர் திறந்திருந்தால் இன்னும் நல்லது. ஒன்றாம் சிலிண்டரில் வால்வை அழுத்தும் இரண்டு ராக்கரும் கையால் அசைத்தால் லேசாக ஆடும், அந்த நேரம் நாலாம் சிலிண்டரில் ஒரு வால்வு மூட இன்னொன்று திறக்கும். இதைச் சொல்லிக்கொண்டே செய்தால் தேர்வாளர் முகம் மாறும்.

மார்க்குக்கு வரும்போது எஞ்சின் ஓடும் திசையிலேயே வாருங்கள். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய் மறுபடி வரவேண்டும், இல்லாவிட்டால் செயினில் உள்ள தளர்வு டைமிங்கில் ஏறிவிடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மூடித் திறக்கும் பாயிண்டின் கேப்பை (இடைவெளியை) முதலிலேயே ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகடு வைத்துச் சரிசெய்துவிடுங்கள், அம்பாசடருக்கு ஏறக்குறைய 0.4 மி.மீ. டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டால் டைமிங்கும் நகரும். அப்புறம் டெஸ்ட் லாம்ப். ஒரு முனை காயிலிலிருந்து வரும் மெல்லிய வயர் டிஸ்ட்ரிபியூட்டரில் சேரும் இடத்தில், மறுமுனை எர்த்தில். இக்னிஷனைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரை ரோட்டார் சுற்றும் திசையில் திருப்பினால் விளக்கு அணையும். இனி எதிர்த்திசையில் மெல்லத் திருப்பி, விளக்கு எரியும் அந்த நொடியில் நிறுத்தி கிளாம்பை இறுக்குங்கள். பாயிண்ட் திறப்பதும் பிளக்கில் பொறி வருவதும் அங்கேதான். பிளக் வயர் வரிசை 1-3-4-2. பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் பொறி வரவேண்டும் என்பதை மேனுவலில் பாருங்கள், பக்கத்து மாணவனிடம் கேட்காதீர்கள்.

பொறி வரும்போதெல்லாம் மின்னும் டைமிங் லைட் கொடுத்தால், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐடிலிங்கில் பாருங்கள். கழுத்தில் தொங்கும் மப்ளரைக் கழற்றி வைத்துவிட்டு அருகில் போங்கள். அந்த வெளிச்சத்தில் ஃபேன் நின்றுவிட்டது போலக்கூடத் தெரியும், ஆனால் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மூடுபனிக் காலையில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைப்பதும் நம் ஊரில் பாடத்தின் ஒரு பகுதிதான்.

வைவாவில் எனக்கு வந்த கேள்வி: "ஊட்டியில் காதால் கேட்டு டைமிங்கைக் கொஞ்சம் அட்வான்ஸ் பண்ணிய கார் மேட்டுப்பாளையம் போனால் என்ன ஆகும்?" அட்வான்ஸ் என்றால் பொறியை முன்கூட்டியே வரவைப்பது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்கு. சிலிண்டருக்குள் போகும் காற்று குறைவு, கம்ப்ரஷன் அழுத்தமும் குறைவு, அதனால் அந்த அட்வான்ஸை எஞ்சின் தாங்கிக்கொள்ளும். சுமார் 300 மீட்டருக்கு இறங்கிச் சமவெளியில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சினுக்குள் தட்டுவது போன்ற சத்தம், அதாவது நாக்கிங் ஆரம்பிக்கும். அப்படியே ஓட்டினால் பிஸ்டனுக்கு ஆபத்து. மாறாக ரிட்டார்ட் ஆகி, அதாவது பொறி தாமதமாக வந்தால் இழுவை குறையும், எஞ்சின் சூடாகும், பர்லியாறு ஏற்றத்திலேயே தெரிந்துவிடும்.

கடைசிக் கேள்வி, "டீ லோடு ஏற்றும் டீசல் லாரிக்கு இக்னிஷன் டைமிங் எப்படி வைப்பாய்?" முன்னால் போனவன் டிஸ்ட்ரிபியூட்டரிலிருந்து ஆரம்பித்து மாட்டிக்கொண்டான். டீசலில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது சார், டீசலைப் பீய்ச்சும் பம்ப்புக்குத்தான் டைமிங் வைக்கணும் என்றேன். சார் தலையாட்டிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார்.