ஆங்க்ர் வரைந்த முதுகு

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஏழு மாதங்களாக ஒரு பெண்ணின் முதுகைத்தான் வரைந்துகொண்டிருக்கிறேன். பிரெஞ்சு ஓவியர் ஆங்க்ர் ரோமில் தங்கிப் பயின்ற காலத்தில், 1808-இல் தீட்டிய ‘வால்பின்சோன் குளியல் பெண்’ என்னும் ஓவியம் அது. மூலம் பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எண்ணெய் வண்ணம் பழக வேண்டும் என்று முடிவு செய்தபோது, கூட்டமும் கதையும் இல்லாத, முகம்கூடத் திரும்பியிருக்கும் இந்த ஒற்றை உருவம் போதும் என்று தோன்றியது. மூலத்தின் உயரம் 146 செ.மீ., அகலம் 97.5 செ.மீ.; கடையில் வாங்கிய 60-க்கு 40 செ.மீ. கேன்வாஸின் விகிதமும் ஏறத்தாழ அதுவே என்பதால், எதையும் வெட்டாமல், சினிமா பேனர் வரைந்தவர்கள் செய்ததைப் போல 5 செ.மீ. கட்டங்கள் போட்டு 96 கட்டங்களில் உருவத்தை இறக்கினேன்.

கோடு வந்துவிட்டது, தோல்தான் வரவில்லை. அந்த முதுகில் தூரிகைத் தடம் ஒன்றுகூடத் தெரியாது என்பதால், தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த வழவழப்பு வந்திருக்க வேண்டும் என்று நினைத்து, வெள்ளையில் மஞ்சள் காவியும் கொஞ்சம் சிவப்பும் கலந்து பூசி, மென்மையான உலர்ந்த பிரஷ்ஷால் இரண்டு மாலை முழுவதும் நீவினேன். பிளாஸ்டிக் பொம்மை ஒன்று உட்கார்ந்திருந்தது. கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடியும் பூசியபோதும் அதே பொம்மைதான்.

மூன்றாம் முறை நிறத்தை ஒதுக்கிவிட்டு, ரா அம்பர் என்னும் மண்பழுப்பு வண்ணத்தையும் வெள்ளையையும் மட்டும் கலந்து, வெளிச்சத்திலிருந்து இருட்டு வரை ஒன்பது படிகளாகப் பேலட்டில் வரிசையாக வைத்தேன். என் கண்ணுக்கு, பரந்த அந்த முதுகு முழுவதும் மேலிருக்கும் நான்கு படிகளுக்குள்ளேயே அடங்கிவிட்டது. முதுகுத்தண்டு மெல்லிய நிழலாக மட்டும் இறங்குகிறது. எலும்பும் தசையும் ஏறக்குறைய இல்லை. இடுப்பு விரிப்பைத் தொடும் இடத்தில் நான் கருமையை அப்பி வைத்திருந்தேன். உற்றுப் பார்த்தால் விரிப்பின் வெண்மை அங்கே மேலே தெறித்து, நிழலுக்குள் ஒரு விரற்கடை அகலத்துக்கு வெளிச்சம் இருக்கிறது. அந்தப் பட்டையைச் சரியாக வைத்ததும் உடம்பு உருண்டது. படிகள் சரியாக இருந்தால் நீவுவதற்கு அதிகம் வேலையில்லை.

எண்ணெய் வண்ணம் தண்ணீரைப் போல ஆவியாகி உலர்வதில்லை. காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மெல்ல இறுகுகிறது. ஆகவே அடிப்பூச்சை டர்பென்டைனில் மெலிதாகக் கரைத்தும், மேல்பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெயைக் கூட்டியும் பூச வேண்டும்; மாற்றிச் செய்தால் மேலே இருப்பது வெடிக்கும். அம்பர் சீக்கிரம் காய்கிறது, டைட்டானியம் வெள்ளை இழுத்தடிக்கிறது. (ஆங்க்ர் காலத்தில் டைட்டானியம் வெள்ளை கிடையாது, ஈய வெள்ளைதான்.) கிரானைட் லாரிகள் போகும் சாலையோரத்து வீட்டில் ஈரமான படத்தைத் தூசியிலிருந்து காப்பது தனிப் பாடு, சுவரைப் பார்த்துச் சாய்த்து, முன்னால் பழைய வேட்டி ஒன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

வெற்று முதுகைப் பார்த்து அம்மா என்ன சொல்வாரோ என்று தயங்கினேன். தலைத்துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து உக்காந்திருக்கா, ஈரம் காயட்டும்னு,” என்றார். அதைவிடச் சரியாக அந்தப் படத்தை யாரும் எனக்கு விளக்கியதில்லை.

ஆங்க்ரே இந்த முதுகை விடவில்லை. 1862-இல், தம் 82-ஆம் வயதில் முடித்த ‘துருக்கியக் குளியல்’ ஓவியத்தின் முன்புறத்தில், கையில் ஓர் இசைக்கருவியைக் கொடுத்து இதே பெண்ணை மறுபடியும் உட்காரவைத்தார். எனக்கு விரிப்பின் மடிப்புகளும் தலைத்துணியின் சிவப்புக் கோடுகளும் இன்னும் பாக்கி இருக்கின்றன. அடிப்பூச்சு காய இந்த வாரம் முழுவதும் ஆகும்.