‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்றால் என்ன? குழந்தையின் முதல் உணவும் அலர்ஜியும்

‘குழந்தைக்கு முட்டை ஒத்துக்கொள்ளவில்லை’ என்கிறோம். அந்த ஒரு சொல்லுக்குள் நான்கைந்து வேறு வேறு விஷயங்கள் ஒளிந்திருக்கின்றன. உடம்பெல்லாம் தடித்துப்போவதற்கும் அதே சொல்தான், வயிறு உப்புவதற்கும் அதேதான். மூன்று மணி நேரம் கழித்து விடாமல் வாந்தி எடுத்தாலும், தக்காளி பட்டு வாயோரம் சிவந்தாலும் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்றே சொல்லிவிடுகிறோம். இவற்றில் ஒன்று உயிரைப் பறிக்கக்கூடியது. இன்னொன்றைத் துடைத்துவிட்டு அடுத்த வாய் ஊட்டலாம். எது எதுவென்று பிரிக்க வீட்டிலேயே ஒரு கருவி இருக்கிறது: கடிகாரம். சாப்பிட்டு எத்தனை நேரம் கழித்து வந்தது என்பதைக் குறித்துவைத்தால், மருத்துவரின் பாதி வேலை முடிந்துவிடும்.

நிமிடங்களில் வருவது

உண்மையான உணவு அலர்ஜியில் பெரும்பாலானது, சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வெளிப்படும். உணவிலுள்ள புரதத்தை உடல் எதிரியாக நினைத்து, ‘ஐஜிஇ’ என்ற எதிர்ப்புப் பொருளை முன்பே தயாரித்து வைத்திருக்கும். அந்தப் புரதம் மறுபடி உள்ளே வந்ததும் உடல் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருளைக் கொட்டுகிறது. கொசு கடித்ததுபோல் மேடுமேடாகத் தடிப்பு, கண் இமையும் உதடும் வீங்குவது, வாந்தி, இருமல், மூச்சில் விசில் சத்தம் எல்லாம் அதன் விளைவுகள். அளவு மிகச் சிறியதாக இருந்தாலும் வரும்.

முகத்தில் நான்கு தடிப்புகள் மட்டும் வந்து குழந்தை சிரித்து விளையாடிக்கொண்டிருந்தால், அந்த உணவை நிறுத்துங்கள். தடிப்பைப் படம் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் பேசுங்கள். மூச்சுத் திணறல், கரகரத்த அழுகை, தொடர் இருமல், நாக்கு வீக்கம், திடீரென வெளுத்துத் துவண்டுபோவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும், அல்லது தடிப்போடு சேர்ந்து வாந்தி திரும்பத் திரும்ப வந்தாலும், அதை அனாபிலாக்சிஸ், அதாவது உயிரைப் பறிக்கக்கூடிய கடும் அலர்ஜி என்றே எடுத்துக்கொண்டு ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். கைக்குழந்தையால் ‘தொண்டை அடைக்கிறது’ என்று சொல்ல முடியாது. அது சட்டென்று அமைதியாகி, தோளில் சாய்ந்து தூங்கப் பார்க்கும். ‘அழுது களைத்துவிட்டது, தூங்கட்டும்’ என்று விட்டுவிடுவது இந்த இடத்தில் பெரிய தவறு.

இதற்கான மருந்து அட்ரினலின் ஊசி, தொடையின் வெளிப்புறத் தசையில். அலர்ஜி சிரப் தடிப்பையும் அரிப்பையும் குறைக்கும். இறுகும் மூச்சுக்குழாயையும் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் அது காப்பாற்றாது. அதைக் கொடுத்துவிட்டு ‘பார்க்கலாம்’ என்று காத்திருப்பதில்தான் நேரம் போய்விடுகிறது. உதவி வரும்வரை குழந்தையைத் தோளில் நிமிர்த்திப் பிடிக்காமல் கைகளில் படுக்கவைத்தபடி வைத்திருங்கள். நிமிர்த்தினால் ரத்த அழுத்தம் இன்னும் சரியும். தெளிந்துவிட்டதுபோல் தெரிந்தாலும் மருத்துவமனையில் சில மணி நேரம் கண்காணிப்பில் இருப்பது அவசியம், இரண்டாவது அலையாகத் திரும்பக்கூடும்.

மணிக்கணக்கில் வருவது

அதிகம் தவறவிடப்படும் அலர்ஜி இது. சாப்பிட்டு ஒன்றிலிருந்து நான்கு மணி நேரம் கழித்து வாந்தி தொடங்கும். ஒன்றிரண்டு முறையோடு நிற்காது. வயிறு காலியான பிறகும் குமட்டும், குழந்தை வெளுத்து, குளிர்ந்து, துவண்டுவிடும். சிலருக்குப் பல மணி நேரம் கழித்து வயிற்றுப்போக்கும் சேரும். தோலில் தடிப்பு இருக்காது, காய்ச்சலும் பொதுவாக இருக்காது. மருத்துவர்கள் இதை ‘எஃப்பைஸ்’ என்று சுருக்கிச் சொல்வார்கள். ஐஜிஇ இல்லாமல் குடலில் நடக்கும் எதிர்வினை என்பதால் ரத்தப் பரிசோதனையிலும் தோல் பரிசோதனையிலும் பொதுவாகச் சிக்காது.

பசும்பாலும் சோயாவும் இதைத் தூண்டும். பலரை ஏமாற்றுவது, அரிசியும் ஓட்ஸும் தூண்டும் என்பதுதான். ‘அரிசியில் அலர்ஜியே வராது’ என்ற நம்பிக்கையால், முதல் முறை வயிற்றுக் கிருமி என்று நினைத்து, அடுத்த வாரம் அதே கஞ்சியை மறுபடி கொடுத்து, மறுபடி மருத்துவமனைக்கு ஓடுவார்கள். கிருமியால் வந்த வாந்தி வீட்டில் மற்றவர்களுக்கும் தொற்றும், ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். எஃப்பைஸ் வாந்தி சில மணி நேரத்தில் அடங்கி, மறுநாள் குழந்தை பழையபடி இருக்கும். ஒரே உணவுக்குப் பிறகு இரண்டு முறை இப்படி நடந்திருந்தால், மூன்றாவது முறை வீட்டில் கொடுத்துப் பார்க்காதீர்கள். துவண்ட குழந்தைக்கு நீர்ச்சத்து ஏற்ற வேண்டியிருக்கும், எனவே காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். பெரும்பாலான குழந்தைகள் சில ஆண்டுகளில் இதிலிருந்து மீண்டுவிடுவார்கள்.

நாள்கணக்கில் வருவதும், அலர்ஜியே அல்லாததும்

நன்றாகப் பால் குடித்து, எடையும் கூடும் குழந்தையின் மலத்தில் ரத்தக் கோடுகளும் சளியும் தெரிந்தால் பசும்பால் புரதம் காரணமாக இருக்கலாம். பசும்பாலை இரண்டு முதல் நான்கு வாரம் நிறுத்தி, சரியானதும் திரும்பக் கொடுத்துப் பார்த்துத்தான் இதை உறுதிசெய்வார்கள். திரும்பக் கொடுக்கும் அந்த இரண்டாவது பாதியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தானாகவே சரியான ஒன்றுக்காகக் குழந்தை மாதக்கணக்கில் பாலில்லாமல் இருக்க நேர்கிறது. மருத்துவரின் துணையோடு இரண்டையும் செய்யுங்கள்.

லாக்டோஸ் பிரச்சினை வேறு கதை. லாக்டோஸ் என்பது பாலிலுள்ள சர்க்கரை. அதைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி குறைந்தால் வாயு, உப்புசம், புளித்த வாடையுள்ள நீர்மலம், ஆசனவாயைச் சுற்றிப் புண். நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு இதில் பங்கில்லை, உயிருக்கு ஆபத்தும் இல்லை. கைக்குழந்தைகளுக்கு இது பெரும்பாலும் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பின் குடலின் உள்தோல் தேறும்வரை சில வாரங்கள் மட்டும் இருக்கும். தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டையும் குழப்பினால் ஆபத்து எங்கே என்றால், பால் புரத அலர்ஜியுள்ள குழந்தைக்கு ‘லாக்டோஸ் இல்லாத பால்’ கொடுத்துவிடுவோம். சர்க்கரையை நீக்கிய அந்தப் பாலில் புரதம் அப்படியே இருக்கும். ஆட்டுப்பாலும் மாற்றாகாது, அதன் புரதங்கள் பசும்பாலினுடையவற்றை மிகவும் ஒத்தவை, அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் அதே எதிர்வினை வரும்.

தக்காளி, எலுமிச்சை வகை, ஸ்ட்ராபெரி பட்ட இடத்தில் மட்டும் சிவந்து அரை மணியில் மறைந்தால், அது அமிலம் தோலை எரிச்சலூட்டியது. ஊட்டும் முன் வாயைச் சுற்றி மெல்லிய வாஸலின் பூச்சு போதும்.

முதல் முறை எப்படிக் கொடுப்பது

சுமார் ஆறு மாதத்தில், தலை நின்று, சாய்ந்து உட்கார்ந்து, நாக்கால் உணவை வெளியே தள்ளுவது குறைந்த பிறகு தொடங்கலாம். நான்கு மாதத்துக்கு முன் வேண்டாம். காய், பழங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் மூன்று நாள் காத்திருக்கத் தேவையில்லை. பால், முட்டை, வேர்க்கடலை, முந்திரி, பாதாம் போன்ற மரக்கொட்டைகள், கோதுமை, சோயா, எள், மீன், இறால் வகை ஆகியவற்றைத்தான் ஒவ்வொன்றாக, தனித்தனி நாளில், ஏற்கெனவே பழகிய உணவில் கலந்து தர வேண்டும்.

சளி, காய்ச்சல் இல்லாத ஒரு நாளில், காலையில் கொடுங்கள். அடுத்த இரண்டு மணி நேரம் குழந்தை விழித்திருக்கவும் ஒரு பெரியவர் அருகில் இருக்கவும் வேண்டும். தூங்கும் முன் கொடுத்தால் தடிப்பு வந்தாலும் தெரியாது. கரண்டி நுனியளவு கொடுத்துப் பத்து நிமிடம் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் கால் டீஸ்பூன். அடுத்த முறை அரை, பிறகு ஒன்று என்று கூட்டுங்கள்.

முட்டையை 10 முதல் 12 நிமிடம் கொதிக்கவைத்து மசித்துத் தாருங்கள். அரைவேக்காடு வேண்டாம், அலர்ஜியைத் தூண்டும் திறனை வெப்பம் குறைக்கிறது, வேகாத முட்டைக்கு எதிர்வினை அதிகம். பலர் மாதக்கணக்கில் மஞ்சள் கரு மட்டும் கொடுத்து ‘முட்டை ஒத்துக்கொண்டது’ என்று முடிவு செய்கிறார்கள். தூண்டும் புரதங்களில் பெரும்பங்கு வெள்ளைக் கருவில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே தொடங்குங்கள்.

வேர்க்கடலையை முழுதாகவோ உடைத்தோ தரவே கூடாது, மூச்சுக்குழாயில் சிக்கும். கெட்டியான கடலை வெண்ணெயை அப்படியே தந்தாலும் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். உப்பும் சர்க்கரையும் சேர்க்காத மிருதுவான கடலை வெண்ணெய் 2 டீஸ்பூன் எடுத்து, 2-3 டீஸ்பூன் வெந்நீரில் கரைத்து, ஆறவைத்துத் தாருங்கள். இதில் சுமார் 2 கிராம் கடலைப் புரதம் இருக்கும். முதல் நாள் அதிலிருந்து கரண்டி நுனிதான்.

ஒத்துக்கொண்ட பிறகு நிறுத்திவிடுவது இன்னொரு பொதுவான பிழை. ஒருமுறை கொடுத்து, பெட்டியில் டிக் அடித்துவிட்டு, மூன்று மாதம் மறந்துபோனால் பழக்கிய பலன் கரைந்துவிடலாம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது உணவில் இருக்கட்டும்.

தள்ளிப்போட்டால் பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் மருத்துவர்களே நினைத்தார்கள். அலர்ஜி ஆபத்து அதிகமுள்ள குழந்தைகளுக்கு மூன்று வயதுவரை வேர்க்கடலை வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2000இல் சொன்னது. 2008இல் அதைக் கைவிட்டது. பிறகு 2015இல் லண்டனிலிருந்து வெளியான ‘லீப்’ ஆய்வு நிலைமையைத் தலைகீழாக்கியது. கடுமையான எக்சிமாவோ (தோல் வறண்டு, சிவந்து, அரிக்கும் நோய்) முட்டை அலர்ஜியோ உள்ள, 4 முதல் 11 மாதத்துக்குட்பட்ட 640 குழந்தைகள் அதில் பங்கேற்றார்கள். வாரத்துக்கு 6 கிராம் கடலைப் புரதம் சாப்பிட்டு வந்தவர்களில் ஐந்து வயதில் 3.2 சதவீதத்தினருக்குத்தான் கடலை அலர்ஜி இருந்தது. தவிர்த்தவர்களில் 17.2 சதவீதம்.

காரணம் தோலில் இருக்கிறது. எக்சிமாவால் வெடித்த தோல் வழியே உணவுப் புரதம் நுழைந்தால் உடல் அதை எதிரியாகப் பழகுகிறது. வாய் வழியே குடலுக்குப் போனால் நண்பனாகப் பழகுகிறது. எனவே எக்சிமாவுக்கு மருத்துவமும் ஈரப்பத க்ரீமும் முறையாக நடக்க வேண்டும். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டே க்ரீம் தடவுங்கள். வெடித்த தோலில் உணவு எண்ணெய்களைப் பூசாதீர்கள். கடுமையான எக்சிமாவோ முட்டை அலர்ஜியோ இருந்தால் வேர்க்கடலையைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். மருத்துவரைப் பார்ப்பது வேர்க்கடலையைத் தள்ளிப்போட அல்ல, எனவே நான்காம் ஐந்தாம் மாதத்திலேயே பாருங்கள்.

பரிசோதனை பற்றி

எந்த அறிகுறியும் இல்லாத குழந்தைக்கு முப்பது நாற்பது உணவுகளின் பட்டியல் சோதனை வேண்டாம். ரத்தத்தில் ஐஜிஇ இருப்பதும், தோல் பரிசோதனையில் 3 மில்லிமீட்டர் மேடு எழுவதும் உடல் அந்தப் புரதத்தை அடையாளம் காண்கிறது என்றுதான் சொல்கின்றன. அந்த உணவைக் குழந்தை தினமும் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். சோதனை முடிவுத் தாளை மட்டும் பார்த்து உணவை நிறுத்தினால், இல்லாத அலர்ஜி நிஜமாகவே உருவாகக்கூடும். ‘ஐஜிஜி’ என்ற வேறொரு எதிர்ப்புப் பொருளை அளக்கும் சோதனை எந்த அலர்ஜியையும் கண்டுபிடிக்காது. சாப்பிட்ட உணவுக்கெல்லாம் அது இயல்பாகவே காட்டும். கோதுமையால் எடை கூடவில்லை, வயிறு உப்பியே இருக்கிறது என்று சீலியாக் நோயை (கோதுமைப் புரதத்தால் குடல் சேதமடையும் நோய்) சந்தேகித்தால், சோதனை முடியும்வரை கோதுமையை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சோதனை பொய்யாக ‘இல்லை’ என்று காட்டிவிடும்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: என்ன உணவு, எப்படிச் சமைத்தது, எத்தனை கரண்டி, எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, முதல் அறிகுறி எத்தனை மணிக்கு வந்தது, எப்போது மறைந்தது, இதற்கு முன் அதே உணவை எத்தனை முறை சாப்பிட்டிருக்கிறது. பொட்டலத்தில் வந்த உணவு என்றால் அதன் லேபிளையும் படம் எடுத்துவையுங்கள். அதில் கேசீன், வே என்று இருந்தால் அது பால், ஆல்புமின் என்று இருந்தால் பெரும்பாலும் முட்டை.