பிபிக்கு டிசபிலிட்டி பென்ஷன்: அப்பீல் போட்டு வாங்கிய அனுபவம்

காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களில் பலருக்கு ரிலீஸ் மெடிக்கல் போர்டில், அதாவது பணியிலிருந்து விடுவிக்கும் முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில், 'பிரைமரி ஹைப்பர்டென்ஷன் (பிபி), ஊனம் 30 சதவீதம், ஆயுள் முழுக்க' என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். அதே தாளில் இன்னொரு வரியும் இருக்கும்: பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை. அந்த ஒரு வரி போதும், டிசபிலிட்டி பென்ஷன் (ஊனத்துக்கான ஓய்வூதியம்) கிடையாது. 2016-ல் எனக்கும் அப்படித்தான் ஆனது. ரிஜெக்ட் கடிதத்தை டிரங்குப் பெட்டியில் போட்டு மூடி வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1994-ல் சேர்ந்து ஹவில்தாராக வெளியே வந்தேன். காஷ்மீர் எல்லையில் குப்வாரா, பனிமலையான சியாச்சின் எல்லாம் பார்த்தாகிவிட்டது. 2011-ல் பீஸ் ஸ்டேஷனுக்கு (எல்லையிலிருந்து விலகிய அமைதிப் பகுதி முகாம்) வந்த பிறகுதான் வருடாந்திர மெடிக்கலில் பிபி கூடுதலாக இருப்பதைக் கண்டுபிடித்து, லோ மெடிக்கல் கேட்டகரியில் (முழு உடல்தகுதி இல்லாதவர் பிரிவு) வைத்தார்கள். ரிஜெக்ட் செய்ததற்குச் சொன்ன காரணமும் அதுதான். நோய் தொடங்கியது பீஸ் ஸ்டேஷனில், ஃபீல்டு மற்றும் உயர்மலைப் பணியோடு நெருங்கிய காலத் தொடர்பு இல்லை என்றார்கள்.

இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பிபி என்ன, காய்ச்சல் மாதிரி வந்த அன்றே தெரிகிற நோயா? பெரும்பாலும் ஒரு அறிகுறியும் காட்டாது. கையில் பட்டையைக் கட்டி அளந்து பார்த்தால்தான் தெரியும். அளந்த தேதியையே தொடங்கிய தேதி என்று எழுதிவிட்டால், மலைமேல் கழித்த வருஷங்களுக்குக் கணக்கே இல்லாமல் போகிறது.

சொந்தக்காரர் ஒருவர், "நம்ம பக்கத்து உப்புக்கண்டமும் வத்தலும் தின்னு வந்த நோய்க்கு கவர்மெண்ட கேக்க முடியுமாப்பா?" என்று கேட்டார். அந்த 22 வருஷமும் நான் சாப்பிட்டது லங்கர் சாப்பாடு, அதாவது பட்டாளத்துச் சமையல். ஊர்ச் சாப்பாடு வருஷாந்திர லீவில் வந்தபோது மட்டும்தான். இதை அப்பீல் மனுவிலேயே எழுதினேன்.

வழி காட்டியவர் தேவகோட்டையில் இருக்கும் ஒரு சுபேதார் சாப். "தம்பி, மனுவை அப்புறம் எழுதலாம். மொதல்ல உன் மெடிக்கல் பேப்பர் எல்லாத்தையும் ஆர்டிஐ போட்டு வாங்கு" என்றார். சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல், கேட்டகரி போர்டு தாள்கள், ரிலீஸ் போர்டின் முழு நடவடிக்கை, எந்த வருஷம் எங்கே போஸ்டிங் என்ற விவரம் எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். கட்டாக வந்தது. காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஜெராக்ஸ் கடையில் செட் செட்டாகப் போட்டு வைத்துக்கொண்டேன்.

ரிலீஸ் போர்டு தாளை அன்றைக்குத்தான் நிதானமாகப் படித்தேன். பணியில் சேரும் முன்பே இந்த நோய் இருந்ததா? இல்லை. அவருடைய அலட்சியத்தாலோ தவறான நடத்தையாலோ வந்ததா? இல்லை. இரண்டுக்கும் டாக்டர்களே 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியானால் எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தத் தாளில் பதில் இல்லை. என் கேஸே அந்த இடத்தில்தான் நின்றது.

ரிஜெக்ட் கடிதம் வந்து ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போட வேண்டும். அதுவும் போனால் இரண்டாவது அப்பீல். எனக்கு இரண்டுமே தள்ளுபடி ஆனது. சொன்ன காரணம் மாறவே இல்லை, வார்த்தைகள்தான் கொஞ்சம் முன்பின். அப்பீலுக்கு ஆறு மாதமாகியும் பதிலே வராவிட்டால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. அதனால் பதிலுக்காக வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

2019-ல் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளையில் ஓ.ஏ. (மூல மனு) போட்டோம். காரைக்குடியில் காலையில் புறப்படும் பல்லவன் எக்ஸ்பிரஸ் எழும்பூர் சேர மதியம் ஆகிவிடும், காலை ஹியரிங்குக்கு உதவாது. முந்தைய ராத்திரி சேது எக்ஸ்பிரஸில் ஏறினால்தான் சரிப்படும். பெரும்பாலும் வக்கீலே பார்த்துக்கொண்டார். நடுவில் கொரோனா வேறு வந்து இழுத்தது.

வக்கீல் முக்கியமாக எடுத்து வைத்தது உச்ச நீதிமன்றத்தின் 2013 தரம்வீர் சிங் தீர்ப்பை. சேரும்போது எழுதிய தாளில் நோய்க் குறிப்பு இல்லையென்றால், நல்ல உடம்போடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பின்னால் நோய் வந்தால் அது பணியால் வந்ததாகவே அனுமானிக்க வேண்டும். இல்லை என்று சொல்ல வேண்டுமானால் மெடிக்கல் போர்டு காரணம் எழுத வேண்டும். நிரூபிக்கும் பாரம் ஜவான்மேல் இல்லை, சந்தேகத்தின் பலன் அவனுக்கே. டிசபிலிட்டி பென்ஷன் தகுதிக்கான 1982 விதிகளிலேயே இது இருக்கிறது. போர்டின் கருத்தே இறுதி என்று எதிர்த்தரப்பு வாதாடினாலும், 'பீஸ் ஸ்டேஷன்' என்பதைத் தாண்டி அவர்களால் ஒரு காரணமும் காட்ட முடியவில்லை.

2022-ல் உத்தரவு எனக்குச் சாதகமாக வந்தது. பணியால் கூடிய நோய் என்று ஏற்று, 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கொடுக்கச் சொன்னார்கள். முழு சர்வீஸ் முடித்து வந்தவனுக்கு இந்த உயர்வு கிடையாது என்று இன்னமும் நம் ஆட்கள் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2014 ராம் அவதார் தீர்ப்போடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. நூறு சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு, ஆகவே 50-க்கு 15 சதவீதம். சர்வீஸ் பென்ஷனுக்கு மேல் இது தனி. உத்தரவு வந்தும் பணம் உடனே வரவில்லை. அதை நிறைவேற்றக் கோரி இன்னொரு மனு போட்ட பிறகே புது பிபிஓ (பென்ஷன் வழங்கும் உத்தரவு) வந்து, அரியரும் ஏறியது.

ரொம்ப வருஷத்துக்கு முன்பே ரிஜெக்ட் ஆனவர்கள், காலம் போய்விட்டது என்று விட்டுவிட வேண்டாம். பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை. அதனால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு இப்போதும் போகலாம். ஆனால் அரியர் பொதுவாக மனுப் போட்ட தேதிக்கு முந்தைய மூன்று வருஷத்துக்குத்தான் கிடைக்கும். 2008 தர்செம் சிங் தீர்ப்பு அப்படி. தள்ளிப் போடுகிற ஒவ்வொரு மாதமும் நம் கைக்காசுதான் போகிறது.

2023 செப்டம்பர் 21 முதல் அந்த 1982 மாதிரியான தகுதி விதிகளுக்குப் பதில் புது விதிகள் அமலுக்கு வந்திருக்கின்றன. அதற்குப் பிறகு ஓய்வு பெற்றவர்கள் என் மனுவை அப்படியே காப்பி அடித்தால் பலிக்காது. புதுவயலில் ஒரு தம்பி 2024-ல் வந்தார், அவருக்கும் பிபிதான். அவர் பேப்பர்களைப் புது விதியோடு வரி வரியாக ஒப்பிட்டு சுபேதார் சாப்பும் நானும் உட்கார்ந்து முதல் அப்பீலை எழுதிக் கொடுத்தோம். அதற்கு இன்னும் பதில் வரவில்லை.