சிக்குக் கோலத்தின் கோடு ஒரே தடிப்பில் வராதபோது

அண்மையில் ஒரு பூஜை அறையின் இரட்டைக் கதவில் முதலாவதற்காக, 12 அங்குல அகலமுள்ள தேக்குப் பலகையில் சிக்குக் கோலம் ஒன்றை எங்கள் பட்டறையின் சிஎன்சி ரௌட்டரில் (கணினிக் கட்டளைப்படி மரத்தைக் குடையும் இயந்திரத்தில்) செதுக்கினேன். பூவேலைப்பாடாக இருந்தால் கோட்டின் தடிப்பில் நேரும் சிறு வேறுபாடு இலைகளுக்கும் கொடிகளுக்கும் இடையே மறைந்துவிடும். சிக்குக் கோலமோ புள்ளிகளைச் சுற்றி வளைந்து ஓடும் ஒரே இழை என்பதால், அது ஓரிடத்தில் மெலிந்தாலும் கண் நேராக அங்கேதான் போய் நிற்கும். என் பலகையில் இரண்டு ஓரங்களிலும் 3 மில்லிமீட்டர் அகலத்தில் விழுந்த கோடு, நடுப்பகுதியில் 2.4 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தது.

முதலில் நான் ஃபீடை, அதாவது பிட் (வெட்டும் முனை) மரத்தில் நகரும் வேகத்தைக் குறைத்தேன்; பிறகு பிட்டைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் சுழல் வேகத்தை மாற்றினேன்; புதிய பிட்டும் போட்டுப் பார்த்தேன். அரை நாள் போனதே தவிர, ஒட்டுப் பலகையில் போட்ட சோதனைக் கோடுகள் எதையும் தெளிவாக்கவில்லை. எங்கள் பட்டறைக்கு வந்து போகும் மூத்த ஆசாரி ஒருவர், இரும்பு ஸ்கேல் ஒன்றை எடுத்துப் பலகையின் குறுக்கே செங்குத்தாக நிறுத்தினார். "தம்பி, நடுவுல வெளிச்சம் தெரியுது பாருங்க" என்றார். குனிந்து பார்த்தபோது ஸ்கேலுக்கும் மரத்துக்கும் இடையே மெல்லிய ஒளிக்கீற்று தெரிந்தது.

நான் பயன்படுத்தியது 90 பாகைக் கோணமுள்ள வி பிட், அதாவது V வடிவில் கூராக முடியும் பிட். அது மரத்துக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகிறதோ, அதைப் போல இரண்டு மடங்கு அகலத்துக்குக் கோடு விழும். ஆகவே 3 மில்லிமீட்டர் கோடு என்றால் 1.5 மில்லிமீட்டர் ஆழம், 2.4 மில்லிமீட்டர் என்றால் 1.2 மில்லிமீட்டர் ஆழம். பிட் ஒரே உயரத்தில்தான் ஓடியது. அதன் கீழே இருந்த மரம்தான் நடுவில் 0.3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. 60 பாகை பிட்டில் அகலம் ஆழத்தைப் போல ஏறத்தாழ 1.15 மடங்குதான் என்பதால், இதே பள்ளம் 0.6 மில்லிமீட்டருக்குப் பதிலாக 0.35 மில்லிமீட்டர் வேறுபாட்டைத்தான் காட்டியிருக்கும். அகலமான கோணமுள்ள பிட், உயரத்தில் உள்ள பிழையைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு, வெர்னியர் அளவுகருவியால் கோட்டின் அகலத்தை அளப்பதே எனக்கு முதல் சோதனையாகிவிட்டது. ஏனெனில் அந்த அளவு மேற்பரப்பின் மேடுபள்ளத்தை இடம் இடமாகச் சொல்லிவிடுகிறது.

ஆனால் தாழ்ந்திருந்தது பலகையா, அதைத் தாங்கும் மேசையா என்ற கேள்வி எஞ்சியது. ஸ்பிண்டிலில் டயல் கேஜை (சிறு உயர வேறுபாட்டையும் முள்ளால் காட்டும் கருவியை) பொருத்தி, பலகையை எடுத்துவிட்டு மேசை மீது ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர்த்தினேன். நடுவில் 0.1 மில்லிமீட்டர் பள்ளம் தெரிந்தது. மேசையின் மேல் நாங்கள் போட்டிருப்பது 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை). மழைக்காலத்து ஈரத்தில் எம்டிஎஃப் உப்பும், அதுவும் வெட்டுப்பட்ட ஓரங்களில் கூடுதலாக உப்பும் என்பதை அறிந்திருந்தும், ஐப்பசி மழைக்குப் பிறகு அதை நான் மீண்டும் மட்டப்படுத்தவில்லை. மீதி 0.2 மில்லிமீட்டர் பலகையினுடையது. மரம் உலரும்போது, ஆண்டு வளையங்களுக்குக் குறுக்கே அறுக்காமல் தட்டையாக அறுத்த பலகையில், மரப்பட்டையை நோக்கியிருந்த பக்கம் கிண்ணம் போலக் குழியும். நான் செதுக்கத் தேர்ந்தெடுத்ததும் அந்தப் பக்கத்தைத்தான். போதாக்குறைக்கு, பிட்டின் சுழி உயரத்தை (ஆழத்தை எண்ணத் தொடங்கும் உயரத்தை) இடது மூலையில் மட்டுமே தொட்டு வைத்திருந்ததால், ஓரத்து உயரமே பலகை முழுவதற்கும் அளவாகிவிட்டது.

மேசையை மட்டப்படுத்துவது கடினமான வேலை அன்று. எம்டிஎஃப் முழுவதும் பென்சிலால் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டு, 25 மில்லிமீட்டர் தட்டை பிட்டால், ஒரு பாதை அடுத்த பாதையின் பாதி வரை ஏறுமாறு வைத்து, 0.3 மில்லிமீட்டர் ஆழத்தில் ஓட்டினேன். பென்சில் கோடு மிஞ்சியிருக்கும் இடம் இன்னும் பள்ளம். அது முழுவதும் மறையும் வரை ஓட்ட வேண்டும். பாதைகளுக்கு இடையே விரல் நுனியில் தட்டுப்படும் படிகள் இருந்தால் ஸ்பிண்டில் சாய்ந்திருக்கிறது என்று பொருள். அந்தச் சாய்வு வி கோட்டிலும் வெளிப்படும்; ஆனால் அங்கே கோடு இடத்துக்கு இடம் தடிக்காது, அதன் இரு சரிவுகளில் ஒன்று மற்றதைவிட அகலமாக இருக்கும். இந்த இரண்டு குறைகளையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள்.

பிறகு பலகையைக் கட்டினேன். கிளாம்பை இறுக்கிப் பலகையை நேராக்கிவிடலாம் என்று நினைப்பது தவறு. அவிழ்த்தவுடன் அது பழைய வளைவுக்கே திரும்பும். எனவே ஆடும் இடங்களில் மெல்லிய சீவல்களை அடியில் வைத்து, இழுப்பு இல்லாமல் கட்டி, கட்டை அவிழ்க்காமலேயே மேற்பரப்பை 2 மில்லிமீட்டர் இழைத்தேன். பழைய கோலம் முழுவதும் மறைந்தது. பலகையை அசைக்காமல், இழைத்த பரப்பில் சுழி உயரத்தைப் புதிதாக வைத்து மீண்டும் செதுக்கியபோது, அளந்த எந்த இடத்திலும் கோடு 3 மில்லிமீட்டரிலிருந்து 0.1 மில்லிமீட்டருக்கு மேல் விலகவில்லை.

முதல் கதவுக்குச் சமமாக இருக்கட்டும் என்று இரண்டாவது கதவின் பலகையையும் 2 மில்லிமீட்டர் இழைத்துவிட்டுச் செதுக்கினேன். அதில் வேறொரு சிக்கல் வந்தது. தொடக்கத்தில் 3 மில்லிமீட்டராக இருந்த கோடு, வேலை முடியும்போது 3.4 ஆகியிருந்தது. மேடுபள்ளம் காரணமாக இருந்தால் தடிப்பு இடத்தைப் பொறுத்து மாறும்; இங்கே அது நேரத்தைப் பொறுத்து ஏறிக்கொண்டே போனது. அப்படியானால் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டிலிருந்து அது மெல்ல நழுவி இறங்கியிருக்க வேண்டும், அல்லது ஸ்பிண்டிலைத் தூக்கி இறக்கும் அச்சு தன் கணக்கை இழந்திருக்க வேண்டும். பிட்டின் தண்டில் காலெட் நட்டை ஒட்டி மார்க்கரால் கோடு போட்டு வைப்பது என் வழக்கம். அது நகராமல் அப்படியே இருந்தது. அடுத்து, செதுக்கப்படாத மூலைக்குப் பிட்டைக் கொண்டுபோய், பரப்பிலிருந்து 5 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்குமாறு கட்டளை கொடுத்து, 5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் தண்டை அடியில் நுழைத்துப் பார்த்தேன். நுழையவில்லை. இயந்திரம் 5 என்று எண்ணிக்கொண்டிருந்த இடம் உண்மையில் 4.8.

மோட்டாரையும், ஸ்பிண்டிலை ஏற்றி இறக்கும் பால் ஸ்குரூ என்ற திருகுத் தண்டையும் இணைக்கும் கப்லிங்கில், அதை இறுக்கிப் பிடிக்கும் சிறு திருகான கிரப் ஸ்குரூ ஒன்று தளர்ந்திருந்தது. கனமான ஸ்பிண்டிலை மேலே தூக்கும் ஒவ்வொரு முறையும் மோட்டார் சுழன்ற அளவுக்குப் பால் ஸ்குரூ சுழலாமல் சிறிது வழுக்கியிருக்கிறது. அந்தச் சிறிய இழப்புகள் சேர்ந்து பிட்டைக் கீழே இறக்கிவிட்டன. கப்லிங்கைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, திருகு கழலாமல் பிடிக்கும் பசையிட்டு இறுக்கினேன். இப்போது கப்லிங்கிலிருந்து பால் ஸ்குரூ வரை நீளும் மார்க்கர் கோடு ஒன்றும் உண்டு. வேலை தொடங்கும் முன் அதையும் பார்த்துவிடுகிறேன்.

அந்தப் பலகையை மீண்டும் 2 மில்லிமீட்டர் இழைத்துச் செதுக்க வேண்டியிருந்ததால், முதலில் 32 மில்லிமீட்டராக இருந்த அது 28-க்கு இறங்கியது. முதல் கதவு 30-இல் நின்றது. இரண்டும் ஒரே கதவுநிலையில் மாட்டப்பட வேண்டியவை என்பதால், முதல் கதவைத் திருப்பிப் போட்டு, கோலம் நசுங்காமல் அடியில் துணி விரித்து, அதன் பின்பக்கத்தை ஆசாரி கை இழைப்புளியால் 2 மில்லிமீட்டர் இழைத்துக் கொடுத்தார்.