பிளாடர் பிரச்சனைக்கு கணுக்கால்ல ஊசியா?

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளரோசிஸ்னு மூளை, தண்டுவட நரம்புகள பாதிக்கிற நோய்) இருக்குற பொண்ணுங்க நாங்க கால் மரத்துப்போறத பத்தி பேசுவோம், அசதிய பத்தி பேசுவோம், ஆனா யூரின் விஷயத்த மட்டும் டாக்டர்கிட்ட கூட வாயத் திறந்து சொல்ல மாட்டோம். இந்த நோய் ஆம்பளைங்கள விட நமக்குத்தான் ரெண்டு மூணு மடங்கு வருது, அதுல பெரும்பாலானவங்களுக்கு என்னைக்காவது பிளாடர் தொந்தரவும் வந்துடுது, அப்புறம் எதுக்குங்க வெட்கம்?

தண்டுவடத்துல நரம்பு மேலுறை சேதமாகி, மூளை சொல்றது பிளாடருக்கு, அதாவது சிறுநீர்ப்பைக்கு, சரியா போய்ச் சேராததால வர்ற வினை இது. சிலருக்கு கொஞ்சம் நிரம்பினாலே அடக்க முடியாது, பாத்ரூம் கதவ தொடுறதுக்குள்ள நனைஞ்சிடும், ராத்திரி தூக்கமே போச்சு. சிலருக்கு போயிட்டு வந்தாலும் உள்ள மிச்சம் நிக்கும். ரெண்டும் சேர்ந்தும் வரும்.

அக்குபங்சர்ல சான்யின்ஜியாவோன்னு ஒரு புள்ளி இருக்கு, உள்பக்க கணுக்கால் எலும்புக்கு மேல நாலு விரல் அளவு, கால் எலும்புக்கு ஒட்டின பின்பக்கம், யூரின் கோளாறுக்கு அங்கதான் குத்துவாங்க. கால்ல ஓடுற டிபியல் நரம்ப தூண்டுறதுன்னு ஆஸ்பத்திரில பண்றதும் கிட்டத்தட்ட அதே இடத்துலதான், மெல்லிய ஊசி வெச்சு லேசா கரண்ட் விடுவாங்க, கால் பெருவிரல் தானா மடங்குச்சுன்னா ஊசி சரியா இருக்குன்னு தெரிஞ்சுக்குவாங்க. கால்ல குத்தினா பிளாடர் எப்படி அடங்கும்னு எனக்கும் ஆச்சரியமாத்தான் இருந்துச்சு, ஆனா அந்த நரம்போட வேரும் பிளாடருக்குப் போற நரம்போட வேரும் கீழ்முதுகுல ஒரே பகுதில வந்து சேருது. வழக்கமா வாரம் ஒரு தடவ 30 நிமிஷம், 12 வாரம். பலன் இருந்தா அப்புறம் இடைவெளி விட்டு தொடரணும், நிறுத்தினா பழையபடி திரும்பலாம். ஊசி பயமா இருந்தா தோல் மேல பேட் ஒட்டியும் பண்றாங்க.

பிளாடர அடக்கக் குடுக்குற ஆக்ஸிபியூட்டினின் மாதிரி மாத்திரைல வாய் வறண்டு, மலச்சிக்கல் வந்து, மூளையும் மந்தமாகி தவிக்கிறவங்களுக்கு இது கேட்டுப் பாக்க வேண்டிய வழின்னு நான் உறுதியா சொல்வேன். எல்லாருக்கும் கேக்காது, கரண்ட் தூண்டலுக்கு இருக்குற அளவு ஆதாரம் வெறும் ஊசிக்கு இல்ல.

ஆனா முதல்ல யூரின் டெஸ்டும், போயிட்டு வந்ததும் பிளாடர் ஸ்கேனும் எடுத்துடுங்க. இன்ஃபெக்‌ஷன் இருந்தா எம்.எஸ். தொந்தரவு எல்லாமே கூடிடும், மிச்சம் நிறைய நிக்குதுன்னா யூரின வெளிய எடுக்குற குழாய், அதான் கதீட்டர், தேவைப்படலாம். கர்ப்பமா இருந்தாலோ பேஸ்மேக்கர் இருந்தாலோ கண்டிப்பா முன்னாடியே சொல்லணும். ஓடணுமேன்னு பயந்து தண்ணி குடிக்கிறத மட்டும் குறைச்சிடாதீங்க, யூரின் கெட்டியாகி பிளாடருக்கு எரிச்சல் இன்னும் ஏறும்.