சேர் அப்புறம் வாங்கலாம், மொதல்ல லேப்டாப்பை தூக்கி வைங்க

வீட்ல இருந்து வேலை பாக்குற நிறைய பேருக்கு டைனிங் டேபிளும் லேப்டாப்பும்தான் ஆபீஸே. கழுத்து வலிக்குதுன்னு சொன்னா உடனே நல்ல சேரா வாங்குன்னு சொல்வாங்க, ஆனா என்னைக் கேட்டா சேரெல்லாம் அப்புறம். ஸ்கிரீனும் கீபோர்டும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு இருக்கே அதுதான் பிரச்சனை, கைக்கு வசதியா கீழ வச்சா கழுத்து குனியுது, கழுத்துக்காக மேல தூக்குனா தோள்பட்டை ஏறிக்குது. நம்ம தலையே 5 கிலோகிட்ட இருக்கும், குனிய குனிய அவ்ளோ பாரத்தையும் பின்கழுத்து சதைதான் இழுத்துப் பிடிக்கணும்.

அதனால கீபோர்டும் மவுஸும் தனியா வாங்கிடுங்க, விலை கம்மியானதே போதும். பரண்ல கெடக்குற பழைய தீபாவளி மலரெல்லாம் எடுத்து லேப்டாப்புக்கு அடியில அடுக்குங்க (காத்து போற ஓட்டையை மட்டும் அடைச்சிடாதீங்க), ஸ்கிரீனோட மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா, இல்ல கொஞ்சம் கீழ வந்தா சரி. கையை நீட்டுனா விரல் நுனி ஸ்கிரீன்ல படுற தூரம் இருக்கட்டும்.

டைனிங் டேபிள் பெரும்பாலும் 30 இன்ச் உயரம் இருக்கும், என்னை மாதிரி அஞ்சடி சொச்சம் இருக்குறவங்களுக்கு அது டைப் அடிக்க ஜாஸ்தி. முழங்கை கீபோர்டு மட்டத்துக்கு வர்ற வரைக்கும் சேர்ல குஷன் போட்டு ஏறி உக்காரணும், அப்போ கால் தொங்கும், அதுக்கு நான் சமையல்கட்டுல சும்மா கெடந்த மரப்பலகையை காலுக்கு கீழ போட்டுக்கிட்டேன், தொடைக்கு அடியில அழுத்துறது அன்னிக்கே நின்னுடுச்சு.

கண்ணு எரியுதுன்னு, ஸ்கிரீனோட நீல வெளிச்சத்தைத் தடுக்கும்னு விக்கிற ப்ளூ லைட் கண்ணாடிக்கு காசு போடாதீங்க. மருத்துவ ஆய்வுகளைச் சேத்துப் பாத்து முடிவு சொல்ற காக்ரேன்ங்கிற அமைப்பு 2023-ல 17 ஆய்வுகளை அலசிட்டு, சாதாரண கண்ணாடியைவிட அது கண் சோர்வைக் குறைக்கிற மாதிரி தெரியலன்னுதான் சொன்னாங்க. ஸ்கிரீனை உத்துப் பாக்கும்போது கண் சிமிட்டுறது பாதிக்குப் பாதி குறைஞ்சிடுது, அதுல ஃபேன் காத்தும் நேரா மூஞ்சில அடிச்சா கண்ணு காஞ்சுதான் போகும். ஃபேனுக்கு நேர் கீழ உக்காராதீங்க, இருபது நிமிஷத்துக்கு ஒருதடவை ஜன்னல் வழியா தூரத்துல எதையாவது பாருங்க.

இன்னொண்ணு, இதை தயவுசெஞ்சு அலட்சியமா விடாதீங்க. ராத்திரி தூக்கத்துல கை மரத்துப்போய் எந்திரிச்சு உதறுறீங்களா, எந்த விரல்னு கவனிங்க. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல்ல பாதின்னா பெரும்பாலும் மணிக்கட்டுல நரம்பு அழுந்துது. சுண்டுவிரல் பக்கம்னா முழங்கையில, டேபிள் விளிம்புல முழங்கையை ஊணிக்கிட்டே உக்காந்தாலும் வரும். தைலம் தேய்ச்சு நாளைக் கடத்தாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க, மணிக்கட்டு நரம்பு ரொம்ப நாள் அழுந்திக்கிட்டே இருந்தா கட்டைவிரல் அடியில இருக்குற சதை மெலிஞ்சு, சட்டை பட்டன் போடுறதே கஷ்டமாயிடும்.