ரம்ப மிஷினுக்குப் புது மோட்டார்: பட்டறை நாட்குறிப்பு

19 ஆகஸ்ட் 2024, திங்கள்

ஸ்டார்ட்டர்ல பச்சை பட்டன அமுக்குனா உம்ம்முனு ஒரு சத்தம், பிளேடு அசையக்கூட இல்ல, ரிலே (கரண்ட் அதிகமா இழுத்தா தானா நிறுத்தறது) தட்டறதுக்குள்ள நானே செவப்ப அமுக்கி நிறுத்திட்டேன். இப்படி உம்முனா மொத சந்தேகம் ஒரு பேஸ் (மூணு கரண்ட் லைன்ல ஒண்ணு) போயிருச்சோன்னுதான் வரும், பொள்ளாச்சிப் பக்கம் பாலக்காட்டு காத்து அடிக்கிற காலத்துல அது சாதாரணம். மீட்டர் வெச்சுப் பாத்தா மூணு பேஸுக்கு நடுவுலயும் 410, 412 வோல்ட்டுன்னு ஒழுங்கா காட்டுது. அப்ப லைன்ல குத்தமில்ல. மெயின ஆஃப் பண்ணி ஃப்யூஸ் கட்டை மூணையும் புடுங்கி சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். எங்கப்பா காலத்துப் பழக்கம் இது, மிஷினுக்கு அடியில தலைய விட்டிருக்கறப்ப எவனாவது வந்து மெயின தூக்கி விட்டான்னா கதை முடிஞ்சுது.

பெல்ட்ட கழட்டிப்போட்டு மோட்டார் புல்லிய கையில சுத்துனா ஒவ்வொரு சுத்துலயும் ஒரே எடத்துல புடிக்குது. ஷாப்ட்ட மேல கீழ ஆட்டுனா டொக்கு டொக்குங்குது. புல்லிப் பக்கத்து பேரிங் காலி. அதுக்குப் புது 6205 வாங்கி அலமாரில கெடக்குது, ஆனா இது வெறும் பேரிங்கோட முடியற வேலையாத் தெரியல.

30ஆம் தேதி ஒரு வீட்டுக்கு தலவாசல் நிலை வெக்க நேரம் குறிச்சிருக்காங்க. வேங்கை மரம், 5க்கு 4 இஞ்சு சட்டம், எல்லாம் இன்னும் அறுக்காமக் கெடக்குது. மோட்டாருக்காக யாரும் முகூர்த்தத்த மாத்தப் போறதில்ல.

20 ஆகஸ்ட், செவ்வாய்

தம்பியும் நானும் சேந்து மோட்டார எறக்குனோம். 3 எச்பி, 2880 ஆர்பிஎம் (நிமிசத்துக்கு இத்தன சுத்து), வார்ப்பு பாடி, அடியில படுத்துக்கிட்டு நெஞ்சு மேல தாங்கி எறக்கறப்ப கனம் தெரியும். பாடில இருக்கற வரிவரி றெக்கைக்கு நடுவுல தூளு பிசினோட சேந்து கல்லாட்டம் இறுகிக் கெடந்துச்சு, திருப்புளி வெச்சு நெம்பித்தான் எடுக்கோணும். அந்த றெக்கை வழியாத்தான் சூடு வெளிய போகோணும், அது அடைச்சுப் போச்சுன்னா பின்னாடி ஃபேன் சுத்தி என்ன பிரயோசனம்.

காயில் கட்டற அண்ணங்கிட்ட கொண்டு போயி கவரப் பிரிச்சா விஷயம் தெரிஞ்சுபோச்சு. ஸ்டேட்டர் (சுத்தாம நிக்கற பகுதி) உள்பக்கம் ஒரு கை அகலத்துக்கு பளபளன்னு தேஞ்சிருக்குது, ரோட்டர் (உள்ள சுத்தற பகுதி) அங்க உரசியிருக்கு. எண்டு கவர்ல பேரிங் உக்கார்ற குழி லூசாயி, பேரிங்கோட வெளி வளையமே அதுக்குள்ள சுத்தியிருக்கு, அதனால எத்தன புது பேரிங் போட்டாலும் நிக்காது. காயில் எல்லா செட்டும் ஒரே மாதிரி கறுத்துப் போயிருந்துச்சு. ஒரு பேஸ் இல்லாம ஓடியிருந்தா சில செட்டு மட்டும் கருகி மிச்சம் நல்லா இருக்கும்னு அண்ணன் காட்டுனாரு, இது ரொம்ப நாளா ஓவர்லோடுலயே ஓடி வெந்த கேஸுன்னாரு.

"ஏனுங்ணா, கட்டிக் குடுத்தா ஓடாதுங்களா?"

"ஓடுங் கண்ணு. எத்தன நாளைக்குன்னு மட்டும் கேக்காத."

இது ஏற்கனவே ரெண்டு தடவ காயில் கட்டுன மோட்டார். ஒவ்வொரு தடவயும் பழைய காயில உருவறதுக்கு கேஸ் அடுப்புல வெச்சுப் பொசுக்கறாங்க, அதுல ஸ்டாம்பிங் தகட்டுக்கு (காயில் உக்கார்ற இரும்பு அடுக்கு) நடுவுல இருக்கற வார்னிஷும் சேந்து போயிருது, அப்பறம் தகடே தனியா சூடாகும். போன தடவ கட்டி மாட்டுனப்ப லோடு இல்லாம 3.4 ஆம்ப்ஸ் இழுத்துச்சு, செவுத்துல சாக்பீஸ்ல எழுதி வெச்சது இன்னும் இருக்குது. மோட்டார் மேல இருக்கற விவரத் தகட்டுல ஃபுல் லோடே 4.6 தான் போட்டிருக்கு. சும்மா சுத்தறதுக்கே முக்காவாசி தின்னா மரம் அறுக்கறதுக்கு என்ன மிஞ்சும்? இப்ப கவர்ல லூசான குழிக்கு லேத்துல புஷ் (உள் வளையம்) போட்டு, காயில் கட்டி, பேரிங் மாத்தி எல்லாம் சேத்தா புது மோட்டார் வெலையில பாதி வந்துருது. புதுசே போட்டுரலாம்னு முடிவு பண்ணியாச்சு.

அப்பறம் ஸ்டார்ட்டரப் பிரிச்சுப் பாத்தா ஓவர்லோடு ரிலே 4.6க்குப் பதிலா 7 ஆம்ப்ஸ்ல நிக்குது. மிஷின் செகண்ட் ஹேண்ட்ல வந்தது, ரிலே திருகு மேல இருந்த பழைய பெயிண்ட் சீல் அப்படியே இருக்குது, முன்னாடி வெச்சிருந்தவங்க அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு ஏத்தி வெச்சுட்டுப் போயிருக்காங்க. இப்படி ஏத்தி வெச்சா ட்ரிப் ஆகாதுதான், மோட்டார்தான் ட்ரிப் ஆகும்.

21 ஆகஸ்ட், புதன்

கோயமுத்தூர் போயிட்டு வந்தேன். 1937லயே ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேந்து மோட்டார் பண்ணுன ஊரு, இந்தியாவுலயே மொத மோட்டார் அதுதான்னு சொல்லுவாங்க, ஆனா அங்கயும் ஒரு கடைக்காரரு "3 எச்பி தானுங்க, இத எடுத்துட்டுப் போங்க"ன்னு 1440 மோட்டார தலைல கட்டப் பாத்தாரு. எச்பி ஒண்ணுதான், ஆனா அது நாலு போல் (காந்த முனை, கூடுனா வேகம் கொறையும்), நம்மளது ரெண்டு போல்.

எம்பட மிஷின்ல மோட்டார் புல்லி 5 இஞ்சு, பிளேடு ஷாப்ட் புல்லி 4 இஞ்சு. 2880க்கு பிளேடு 3600 சுத்துது, 12 இஞ்சு பிளேடுக்கு பல்லு முனை செகண்டுக்கு 57 மீட்டர் போகுது, மரத்துக்கு 50லருந்து 60 இருந்தா நல்லது. 1440 மாட்டுனா இது அப்படியே பாதியாயிரும், பல்லு அறுக்காது, பிச்சு எடுக்கும், தள்ளறவன் கைதான் வலிக்கும். சரி புல்லிய மாத்திக்கலாம்னா மோட்டாருக்கு ஏழரை இஞ்சு, பிளேடுக்கு 3 இஞ்சு போடோணும், அவ்வளவு பெரிய புல்லி மிஷின் பெட்டிக்குள்ள நுழையாது, சின்னப் புல்லில பெல்ட் சுத்திப் புடிக்கிற எடமும் கொறஞ்சு வழுக்கும். இது போக ஃப்ரேமே (பாடி அளவு) வேற. 3 எச்பி ரெண்டு போல்னா 90எல் ஃப்ரேம், ஷாப்ட் 24 எம்எம், அடி ஓட்டை 140க்கு 125. அதே 3 எச்பி நாலு போல்னா 100எல், ஷாப்ட் 28, ஓட்டை 160க்கு 140, உயரமும் 10 எம்எம் கூட. எல்லாத்தையும் புதுசா ஓட்டை போட்டு உக்காந்திருக்கோணும். மோட்டார் வாங்கப் போறவங்க பழைய மோட்டாரோட விவரத் தகட்ட போட்டோ எடுத்துட்டுப் போங்க, எச்பிய மட்டும் வாயில சொல்லாதீங்க.

வேற கடைல 2880 இருக்குது, குடோன்லருந்து வெள்ளிக்கிழமை வரும்னாங்க. அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தேன். ஜிஎஸ்டியோட 12,000 சொச்சம்.

24 ஆகஸ்ட், சனி

இன்னிக்கு மாதாந்திர பராமரிப்புன்னு காலைலருந்து கரண்ட் இல்ல. நல்லதாப் போச்சு, மாட்டற வேலைய முடிச்சரலாம்.

மோட்டார் நேத்து சாயந்தரமே வந்துருச்சு. ஐஇ2 (கரண்ட் சிக்கன தரம்), ஐபி55 (தூளு, தண்ணி உள்ள போகாத தரம்), முழுசா மூடுன டைப். தூளு பறக்கற எடத்துல தெறந்த மோட்டார ஓசில குடுத்தாலும் மாட்டாதீங்க. காயில் அண்ணன் கைல சுத்தற மெகர (கரண்ட் கசியுதான்னு பாக்கற மீட்டர்) எடுத்துட்டு வந்து 500 வோல்ட்ல காயிலுக்கும் பாடிக்கும் வெச்சுப் பாத்தாரு, முள்ளு நூறு மெகா ஓமத் தாண்டிப் போயி நின்னுச்சு. பழசுக்கு இது ஒண்ணு கூட தேறல.

பழைய புல்லிய ராத்திரியே ஆயில் விட்டு ஊற வெச்சு, காலைல புல்லர் போட்டு எடுத்தோம். சுத்தியல்ல தட்டுனா வார்ப்பு புல்லி காது ஒடைஞ்சுரும். எடுத்து வெச்சுப் பாத்தா பள்ளத்தோட அடி கண்ணாடி மாதிரி மின்னுது. வி பெல்ட் ரெண்டு பக்க சாய்வுலதான் புடிக்கோணும், அடியில தொடக்கூடாது, அடி மின்னுனா சாய்வு தேஞ்சு பெல்ட் உள்ள எறங்கிருச்சுன்னு அர்த்தம். லேத்காரரு 24 எம்எம் ஓட்டை, 8 எம்எம் சாவிப் பள்ளத்தோட புது 5 இஞ்சு புல்லி கடைஞ்சு குடுத்தாரு.

மாட்டறப்பதான் ஒரு சிக்கல். பழைய மோட்டாருக்கு வயர் பெட்டி சைடுல, இதுக்கு உச்சில. தூக்கி வெச்சா பெட்டி மூடி டேபிளோட அடிச்சட்டத்துல முட்டுது. சட்டத்த அறுக்கலாம்னான் தம்பி, வேண்டாம்னுட்டேன், டேபிளோட பலமே அதுலதான் இருக்குது. மோட்டார் உக்கார்ற பலகை கீல்ல தொங்கற மாதிரிதான் அமைப்பு, அதனால ஏ-42 பெல்ட் (42 இஞ்சு நீளம்) ரெண்டுக்கும் பதிலா ஏ-45 போட்டோம். 3 இஞ்சு கூடுனா ரெண்டு பக்கமும் பிரிஞ்சு மோட்டார் ஒன்றரை இஞ்சு கீழ எறங்கும், முட்டறது நின்னுபோச்சு. பெல்ட் ஜோடியாத்தான் மாத்தோணும், ஒண்ணு புதுசு ஒண்ணு பழசுன்னா புதுசே எல்லா லோடையும் இழுத்துச் சாகும்.

ரெண்டு புல்லி மொகத்துக்கும் குறுக்க நூல் புடிச்சு, நாலு எடத்துலயும் நூல் தொடற வரைக்கும் மோட்டார நவுத்தி போல்ட் முறுக்குனேன். நிலைக்கு நூல் புடிக்கிற கைதான, இதுக்கு லேசர் எதுக்கு.

25 ஆகஸ்ட், ஞாயிறு

லைன் குடுத்தாச்சு. பிளேடும் இல்ல, பெல்ட்டும் இல்ல, வெறும் மோட்டார ஒரு தட்டு தட்டி திசை பாத்தோம். எதிர்ப்பக்கம் சுத்துச்சு. த்ரீ பேஸ்ல ரெண்டு வயர மாத்திக் குடுத்தா திரும்பிரும், அஞ்சு நிமிச வேலை. ஆனா பிளேடோட இத டெஸ்ட் பண்ணக்கூடாது, நட்டு மரை சரியான திசைல ஓடுனா எறுகற மாதிரி வெட்டியிருக்கும், எதிர்ல சுத்துனா கழண்டு போக வாய்ப்பிருக்கு. பாடிக்கு எர்த் ரெண்டு, தனித்தனி வயர்ல. ரிலே 4.6க்கு எறக்கியாச்சு, கூடவே சிங்கிள் பேஸ் பிரிவென்டரும் (ஒரு பேஸ் போனா மோட்டார நிறுத்தறது) ஒண்ணு.

பெல்ட் மாட்டி ஓட்டுனா டோங் டெஸ்டர்ல (வயரச் சுத்திப் புடிச்சு கரண்ட் பாக்கற மீட்டர்) 2.2 ஆம்ப்ஸ். பழசு 3.4.

26 ஆகஸ்ட், திங்கள்

வேங்கைய விட்டுப் பாத்தோம். நாலு இஞ்சு கனம் ஒரே ஓட்டத்துல வராது, பாதி பாதியா திருப்பிப் போட்டுத்தான் அறுக்கோணும். அப்பக்கூட 5.8 ஏறி கொஞ்ச நேரத்துல ரிலே தட்டிருச்சு. புது மோட்டார் சரியில்லையோன்னு தம்பி மொகம் வாடிப்போச்சு. கழட்டி பிளேடுப் பல்ல வெளிச்சத்துல பாத்தா முனை உருண்டு வெள்ளையா மின்னுது, அதுவும் 60 பல்லு, நீளவாக்குல அறுக்கறதுக்கு இது எதுக்கு? சாணை புடிச்சு வெச்சிருந்த 24 பல்லு டிசிடி (பல்லு முனைல கார்பைடு வெச்ச) பிளேட மாட்டி அதே கட்டைய தள்ளுனா 4.1. பழைய மோட்டார வேக வெச்சதுல பாதி பங்கு மொன்னை பிளேடுக்குத்தான், மிச்சம் அந்த 7 ஆம்ப்ஸ் ரிலேக்கு.

29 ஆகஸ்ட், வியாழன்

நிலை முடிஞ்சுது, இன்னிக்கு மத்தியானம் வண்டில ஏத்தி விட்டாச்சு. பழைய மோட்டார காயில் அண்ணனே எடைக்கு எடுத்துக்கிட்டாரு, கம்பிக்கு ஒரு வெலை இரும்புக்கு ஒரு வெலை. நேத்து மோட்டாருக்கும் பிளேடுக்கும் நடுவுல சாய்வா ஒரு தகடு அடிச்சேன், தூளு நேரா மோட்டார் மேல கொட்டாம சைடுல சரியும். ஃபேன் பக்கம் மட்டும் ஒரு சாண் எடம் விட்டிருக்கு, அதையும் மூடிட்டா காத்து எங்கருந்து இழுக்கும். சனிக்கிழமை சாயந்தரம் புளோயர் அடிக்கிறது தம்பி பொறுப்பு.